விஜயதசமிக்குத் திறந்த மென்பொருள்

அன்புள்ள மகனுக்கு,

இன்று காலை உறுதியான செய்தி இது: பதினோரு பட்டுக் கடைகளில் ஒன்பது, உன் மென்பொருளை நிறுத்திவிட்டன. இரண்டு கடைகள் வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கின்றன. சொன்னவர் ஏகாம்பரம், அந்த இரண்டில் ஒன்றின் சொந்தக்காரர், வியாபாரிகள் சார்பில் உன்னோடு பேசி இந்த வேலையைக் கொடுத்தவர். கடை ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையில் வாசலில் நின்றபடி சொன்னார். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த இரண்டாவது கடையின் சொந்தக்காரர் சுலோசனாவிடமும் போய்க் கேட்டேன். எதிர்ச்சாரியில்தான் அவர் கடை. ஆமாம் என்றார்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். விஜயதசமிக்கு மறுநாள் வேலூர் போய்ப் பெங்களூர் பஸ் ஏறியதிலிருந்து நீ என் அழைப்பை எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் இரண்டாவது வாக்கியத்தில், "மா, உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றிருப்பாய். நானும் குரலை உயர்த்தியிருப்பேன். எனக்கு இப்போது குரலை உயர்த்தத் தெம்பில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊர்ச் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதிவருகிறேன். படியேறினால் முட்டி வலிக்கிறது. ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், எழுத ஆரம்பிக்கும் முன்பே கண் சொருகுகிறது. அதனால் நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி. இதைப் பத்திரிகையில் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், உன்னைப் போல ஊருக்குத் திரும்பி வந்து நாலு பேரோடு மென்பொருள் கம்பெனி நடத்தும் பிள்ளைகள் இப்போது ஆரணியிலும் வேலூரிலும் இருக்கிறார்கள் என்பதுதான். கடைக்காரர்கள் இருவரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அவர்கள் சொன்னதை அவர்களின் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன்.

பெங்களூர் கம்பெனி ஒன்று உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருப்பதாகவும், நீ போய்விட்டால் இங்கே ஆபீஸை மூடிவிடுவாய் என்றும் நஸ்ரீன் சொன்னாள். உன்னோடு முதல் நாளிலிருந்து வேலை செய்கிறவள் அவள். நீ அவளிடம் சொன்ன வாக்கியத்தையும் சொன்னாள்: "இந்த ஊருக்கு சாஃப்ட்வேர் செட் ஆகாது." அந்த வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம். போவதும் இருப்பதும் உன் விருப்பம். தப்பான காரணத்தைத் தூக்கிக்கொண்டு போகாதே என்பதுதான் நான் கேட்பது.

நீ எடுத்த வேலை நல்ல வேலை. கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வருகிறது. அரக்கு உடம்பு, பச்சைக் கரை கேட்கிறார்கள். இந்தக் கடையில் இல்லை. நாலு கடை தள்ளி இருக்கிறது, அல்லது யாரோ ஒருவரின் தறியில் ஓடிக்கொண்டிருக்கிறது, பத்து நாளில் இறங்கிவிடும். ஆனால் அது இவருக்குத் தெரியாது. அந்தக் குடும்பம் காஞ்சிபுரம் போய்விடுகிறது. பதினோரு வியாபாரிகள் சேர்ந்து, யாரிடம் எந்தப் புடவை கடையில் இருக்கிறது, எது தறியில் இருக்கிறது, எப்போது இறங்கும் என்பதை ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்றார்கள். இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று நீ வீட்டுக்குள் நடந்த நடை எனக்கு நினைவிருக்கிறது. சாப்பிடாமலே வெள்ளைத்தாளில் கட்டங்கள் போட ஆரம்பித்தாய்.

சென்னையில் நீ முன்பு வேலை பார்த்த கம்பெனி, ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு மருந்து ஏற்றும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதியது. வெளிநாட்டு வாடிக்கையாளர். என்ன வேண்டும் என்பதை ஒரு வருடம் எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், பிறகு கட்டினார்கள், மாதக்கணக்கில் சோதித்தார்கள், ஒரே நாளில் திறந்தார்கள். "மருந்து அளவு ஒரு தடவ தப்பா போனா அவ்ளோதாம்மா. அங்க திருத்தி எழுத முடியாது" என்று நீ சொன்னது சரி. தவறு நடந்தால் திரும்பப் பெற முடியாத இடத்தில் அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். ஆனால் அந்த முறையை அது பிறந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். நீ அதை அப்படியே ஆரணிக்குத் தூக்கி வந்தாய். அங்கே என்ன வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், தவறுதான் பயம். இங்கே ஒரு தவறு நடந்தால் புடவையை மாற்றித் தந்துவிடலாம், ஆனால் என்ன வேண்டும் என்பது கேட்டவர்களுக்கே பாதிதான் தெரியும். இரண்டும் வேறு வேறு வேலைகள். பெயர் மட்டும்தான் ஒன்று.

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து பதினோரு பேரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தாயே, அன்று நான் கடைசி நாற்காலியில் போண்டாவோடு இருந்தேன். நீ ஒவ்வொன்றாகக் கேட்டாய். "தறில ஓடற டிசைனும் ஸ்கிரீன்ல தெரியணுமா சார்?" பதினோரு தலையும் ஆடின. "எல்லாம் தெரியட்டும் தம்பி, நமக்குள்ள இன்னா ஒளிவு மறைவு" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர் கை தட்டினார். நான் அந்தக் கைதட்டலை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். பத்திரிகையாளர் கூட்டம் கூட்டி மேடையில் சொல்வார்களே, அந்தத் தொனி. அந்தத் தொனியில் யாரும் பொய் சொல்வதில்லை, உண்மையும் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு எது நன்றாக இருக்குமோ அதைச் சொல்கிறார்கள். கூட்டம் முடிந்து செருப்பு தேடும்போதுதான் செய்தி கிடைக்கும்.

அன்றும் கிடைத்தது. செருப்பு மாட்டிக்கொண்டே ஏகாம்பரம் சொன்னார்: "ரிப்போர்ட்டரம்மா, இது பேப்பருக்கு இல்ல, உங்க புள்ளைக்கும் இல்ல. தறியில இன்னா ஓடுதுன்னு எவனும் உண்மைய போட மாட்டான். நானே போட மாட்டேன். புது டிசைன் வெளிய தெரிஞ்சா அடுத்த வாரமே பவர்லூம்ல அடிச்சி பஜார்ல வித்துகினு இருப்பான்."

நான் இதை உன்னிடம் சொல்லவில்லை. வெளியே சொல்லாதே என்று ஒருவர் சொன்னதை வெளியே சொல்வதில்லை. நான் இத்தனை வருடம் இந்த ஊரில் வேலை செய்ய முடிந்தது அதனால்தான். மகன் என்பதற்காக அதில் விலக்கு வைத்தால் அடுத்த நாள் யாரும் என் பக்கத்தில் செருப்பு மாட்ட மாட்டார்கள். சுற்றி வளைத்து ஒன்று மட்டும் கேட்டேன். "தனித்தனியா போய்க் கேட்டியாடா?" நீ லேப்டாப்பை மூடாமலே சொன்னாய்: "தனித்தனியா கேட்டா பதினோரு விதமா சொல்வாங்கம்மா. அப்புறம் நான் எதைக் கட்டறது?" பதினோரு விதமாகச் சொல்வார்கள் என்பதுதானே கண்ணு அங்கே செய்தி. அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்கலாமா என்று இந்த வாரம் பலமுறை யோசித்துவிட்டேன். இனி யோசிக்கப் போவதில்லை. இன்று காலை ஏகாம்பரமே, "இனிமே சொல்லிக்கோங்க, மறைக்க இன்னா இருக்குது" என்று விட்டுவிட்டார், அதனால் இங்கே எழுத முடிகிறது.

நஸ்ரீன் வேறு வழி சொன்னாள். நீங்கள் நாலு பேரும் நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாள் அது. "அண்ணா, மொதல்ல ரெண்டு கடைல போட்டுப் பாக்கலாம். அவங்க எப்படி யூஸ் பண்றாங்கன்னு பாத்துட்டு மத்தது கட்டலாம்." நீ சிரித்தாய். "ரெண்டு கடைக்கு எதுக்குடி சாஃப்ட்வேர்? ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டா முடிஞ்சுது." எல்லோரும் சிரித்தார்கள், நஸ்ரீனும் சிரித்தாள். நீ சொன்னதில் நியாயம் இருந்தது. பதினோரு பேரும் சேர்ந்தால்தான் அந்தத் திரைக்கு அர்த்தம் என்று நானும் நினைத்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

நாள் குறித்ததும் உன் கையில் இல்லை. இங்கே புதுக் கணக்கும் புது வேலையும் விஜயதசமியில்தான். எவ்வளவு வேலை என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே பதினோரு பேரும் பஞ்சாங்கம் பார்த்து நாளைச் சொல்லிவிட்டார்கள். நல்ல நாளை நகர்த்த முடியாது, அது எனக்கும் தெரியும். நாள் நகராது, ஆட்கள் நாலு பேர்தான் என்றால் வேலையைத்தான் சுருக்க வேண்டும். நீ அதைச் சுருக்கவில்லை. தூக்கத்தைச் சுருக்கினாய். ஆடியிலிருந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

நாம் மாடி கட்டியதை நினைத்துப் பார். அப்போது நீ கல்லூரியில் சேர்ந்திருந்தாய், உன் அப்பா இருந்தார். மாடியில் அலமாரி எங்கே, ஜன்னல் எத்தனை, உனக்குத் தனிக் குளியலறை உண்டா என்று நீயும் நானும் தினமும் சண்டை போட்டோம். அப்பா மேஸ்திரியிடம் ஒன்றுதான் சொன்னார்: "படி எங்கன்னு மட்டும் இப்பவே முடிவு பண்ணிடு. அத அப்புறம் மாத்த முடியாது. மத்ததெல்லாம் இவங்க ரெண்டு பேரும் குடியேறிட்டுச் சண்ட போடட்டும்." குடியேறிய பிறகுதான் தெற்கு ஜன்னல் வேண்டாம், மழைச் சாரல் அடிக்கிறது என்று தெரிந்தது. வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தால் சாரல் தெரிந்திருக்காது. உன் வேலையில் படி எது என்று நீ என்னைக் கேட்டால், யார் எதைப் பார்க்கலாம் என்பதுதான் என்பேன். அதை மட்டும்தான் தனித்தனியாகக் கேட்டு, முதலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். நீ ஜன்னல் ஜன்னலாக எழுதிக் கையெழுத்து வாங்கினாய். படியைக் கூட்டத்தில் கைதட்டலுக்கு விட்டுவிட்டாய்.

பிறகு ஆயுத பூஜை. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. கடைகளின் பழைய இருப்பையெல்லாம் புதிய மென்பொருளுக்குள் கொண்டுவரும் கடைசி வேலையை, திறப்பதற்கு முந்தைய நாள் என்று உன் திட்டத்தில் போட்டிருந்தாய். சென்னையில் உங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அது சாதாரண வேலைநாள். அந்த நாள்காட்டியே உன் கையில் பழகிவிட்டது. நீ இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். வருடா வருடம் என் கேமராவுக்கும் உன் சைக்கிளுக்கும் சந்தனம் வைத்தவன் நீதான். நஸ்ரீன் மட்டும், "அன்னிக்கு கடை இருக்குமாண்ணா?" என்று கேட்டிருக்கிறாள், அவள் வீட்டில் அந்தப் பண்டிகை இல்லாததால் தெரியாமல் கேட்டாள். "நான் பாத்துக்கறேன்" என்றிருக்கிறாய்.

அன்று மதியம் உன்னோடு நானும் ஏகாம்பரம் கடைக்கு வந்தேன். கம்ப்யூட்டரைத் துடைத்து, திரைக்கு மேல் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, விசைப்பலகை மீது துணி மூடியிருந்தார்கள். பக்கத்தில் தராசு, கத்தரிக்கோல், பொரிகடலை.

"பூஜை போட்டாச்சு தம்பி. நாளைக்குக் காலைல நல்ல நேரத்துல தான் கை வெக்கணும்."

"சார், நீங்க தொடவே வேணாம். ஆன் மட்டும் பண்ணுங்க. நான் ஆபீஸ்ல இருந்தே பாத்துக்கறேன்."

"ஆன் பண்றதுக்கு சுவிட்ச தொடணுமே. சுவிட்சும் பொட்டு வெச்சிகினு குந்தினு இருக்குது பாரு."

நீ என்னைப் பார்த்தாய். ஏகாம்பரம் உன் கையில் பொரி கொடுத்தார், வாங்கிக்கொண்டாய். பதினோரு கடையிலும் அதே கதை. முன்னரே வந்து சேர்ந்திருந்த நாலு கடைக் கணக்கும், மற்ற கடைகளுக்கு நீங்கள் சோதனைக்காகப் போட்டுவைத்திருந்த பழைய இருப்பும்தான் மறுநாள் காலை திரையில் இருந்தன. தள்ளிப்போடு என்று நஸ்ரீன் சொன்னாள். நல்ல நேரம் ஏழரைக்குள் என்று ஏகாம்பரம் சொன்னார். நீ திறந்தாய்.

அடுத்து நடந்ததை நீ பார்க்கவில்லை, ஆபீஸில் இருந்தாய். நான் சுலோசனா கடையில் இருந்தேன். தேவிகாபுரத்திலிருந்து ஒரு குடும்பம், பெண்ணோடு அம்மா, மாமா, இரண்டு சித்திகள். ஏகாம்பரம் கடையில் அவர்கள் கேட்ட அரக்கு–பச்சை இல்லை. திரையில் பார்த்து, எதிர்க்கடையில் தயாராக இருக்கிறது என்று பெருமையாக அனுப்பிவைத்திருக்கிறார். சுலோசனா தேடினார். திரையில் இருந்தது அந்தப் பழைய இருப்பு, புடவை ஆவணியிலேயே விற்றுப்போய்விட்டது. அதே நிற ஜோடியில் இன்னொன்று தறியில் ஓடுகிறது, ஆனால் அதை அவர் திரையில் வேண்டுமென்றே போடவில்லை.

"கம்ப்யூட்டரு பொட்டில இருக்குதுன்னு சொல்லித்தானே அனுப்பினாரு? இருக்கிறத எடுத்துப் போடுங்க, நாங்க இன்னா ஓசியிலயா கேக்கறோம்?" என்றார் பெண்ணின் அம்மா.

"இல்லம்மா, அது கம்ப்யூட்டர்ல தப்பா வந்துட்டுது."

"கம்ப்யூட்டரு தப்பா சொல்லுது, நீங்க இல்லேங்கறீங்க, எதிர்க்கட இருக்குதுங்கறாரு. பேஜாரா போச்சு. ஜல்தி கெளம்பு மாமா, காஞ்சிபுரம் பஸ்ஸ புடிப்போம்."

கல்யாணப் பெண், விரித்துப் போட்டிருந்த வேறு ஒரு புடவையின் முந்தானையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு சுலோசனா எழுந்து போய்த் திரையை அணைத்தார். மதியத்துக்குள் மற்றவர்களும் அணைத்தார்கள். சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து சொன்னாய்: "அவங்க தறில ஓடறதை மறைச்சா நான் என்னம்மா பண்ணுவேன்?" நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை என்று நீ கோபித்துக்கொண்டாய்.

அதற்குப் பதில் இன்று காலை கிடைத்தது, அதுவும் நான் தேடாமல். சுலோசனாவிடம் நான் கேட்டது நீ கேட்ட அதே கேள்வி. இரண்டு கடைக்கு எதற்கு மென்பொருள், ரோட்டைத் தாண்டிக் கேட்டால் போதாதா? அவர் கல்லாவிலிருந்து எழுந்து, விற்பனைப் பெண்கள் இல்லாத பக்கமாக என்னைக் கூட்டிப்போனார்.

"யாரு, நானா? அந்தாளு கடை வாசல்ல போய் நின்னு, அரக்கு இருக்குதான்னு கேக்கவா? எங்க வீட்டுக்காரரு இருந்த காலத்துலயே நாங்க கேட்டதில்ல. என் கடை பொண்ணுங்க பாத்துகினு இருப்பாங்களே. அவரு ஆளுங்க சிரிப்பாங்களே. இதுல பாத்தா யாருக்குத் தெரியும்? எனக்கு வேண்டியது அவ்ளோதான் யக்கா. கலரும் கரையும் தெரிஞ்சா போதும். தறியில இன்னா ஓடுதுன்னு நானும் காட்ட மாட்டேன், அவரும் காட்ட வேணாம். எந்த வாரம் இறங்கும்னு மட்டும் சொல்லட்டும்."

திரும்ப ஏகாம்பரத்திடம் வந்தேன். சுலோசனா சொன்னதைச் சொல்லாமல், அதே கேள்வியைக் கேட்டேன். "அந்தம்மா கிட்ட போய் நிக்கறதா? நானா?" என்றார். பிறகு எதிர்க்கடைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்ககிட்ட நல்ல கலரு இருக்குது, அத மறுக்க முடியாது" என்றார். எழுதிக்கொள்ளலாமா என்றேன். சிரித்துவிட்டு, எழுதுங்க என்றார்.

இருபது அடி ரோடு. இரண்டு பேரும் அதைத் தாண்ட மாட்டார்கள் என்பதால்தான் அவர்களுக்கு உன் மென்பொருள் வேண்டும். இது எந்தக் கூட்டத்திலும் வெளியே வந்திருக்காது, எந்தக் கையெழுத்திலும் இருந்திருக்காது. நீயும் நானும் இதே ஊரில் இருந்தும் நமக்குத் தோன்றவில்லை, அதனால் உன்னை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஊருக்கு மென்பொருள் ஒத்துவராது என்று நீ சொன்னதற்கு ஆதாரம் இல்லை. இந்த ஊரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை நீ இன்னும் முடிவு செய்யவில்லை என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. பெங்களூரிலும் உன்னிடம் வேலை கொடுப்பவர்கள் கூட்டத்தில் தலையாட்டுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். அங்கே அவர்கள் செருப்பு மாட்டும்போது நீ பக்கத்தில் இருக்க மாட்டாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

நஸ்ரீன் ஆபீஸைத் தினமும் திறக்கிறாள். இன்று நான் போனபோது மற்ற இருவரும் இருந்தார்கள். தறி டிசைன் தெரியும் பகுதியைத் தனியே பிரித்து வைத்திருக்கிறாள், ஆனால் எடுக்கவில்லை. "அண்ணன் சொல்லாம எடுக்க மாட்டேன் ஆன்ட்டி" என்றாள். நீ வந்தால் என்ன நடக்கும் என்று நான் கேட்கவில்லை. வராவிட்டால் என்ன என்று கேட்டேன். அவள் எனக்கு டீ சொல்லி அனுப்பினாள்.

இந்த நேரம் வரை தெரியாதவை: பெங்களூர் கம்பெனிக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்பது. அதற்கு அவர்கள் வைத்த கெடு புதன்கிழமை என்கிறாள் நஸ்ரீன். நின்றுபோன ஒன்பது கடைகளும் திரும்ப வருமா என்பது தீபாவளி வியாபாரம் முடியாமல் தெரியாது, அதற்குள் யாரும் பேசவும் மாட்டார்கள். இரண்டு கடைக்காரர்களும் உன்னைச் சந்திக்கச் சம்மதித்திருக்கிறார்கள், ஒன்றாக அல்ல. ஏகாம்பரம் செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்கும் முன்பு, சுலோசனா அன்று சாயங்காலம். நீ வருவதாக நான் அவர்களிடம் சொல்லவில்லை. நீ உன் வாயால் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை இரவுக்குள் சொல்.

அம்மா